செட்டிநாடு என்பது இடமா, வட்டாரமா? அமைவிடச் சொற்கள் குறித்து ஓர் ஐயம்

கானாடுகாத்தான் வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சிவகங்கை மாவட்டப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, செட்டிநாட்டின் எல்லைக்கோட்டை விரலால் தேடினாள். கோடு எங்கும் இல்லை. எங்கள் ஊரை ஒட்டிய 'செட்டிநாடு' ரயில் நிலையத்தின் பெயர் மட்டுமே கிடைத்தது. "அப்படியென்றால் இந்த ஸ்டேஷன் மட்டும்தான் செட்டிநாடா அப்பா?" என்று அவள் கேட்டபோதுதான், அமைவிடம், வட்டாரம் என்னும் சொற்களை நானே வேறுபாடின்றிப் பயன்படுத்தி வந்திருப்பது புரிந்தது. குழந்தைக்கு விளங்கும்படி யாரேனும் எடுத்துரைக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை:
அமைவிடம் என்பது 'எங்கே' என்னும் கேள்விக்கான விடை. அதை இரண்டு வகையில் சொல்லலாம். மதுரைக்கு வடகிழக்கே, திருச்சிக்குத் தெற்கே காரைக்குடி உள்ளது என்பது சார்பு அமைவிடம். அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் கொண்டு சொல்வது துல்லிய அமைவிடம். 10 பாகை வட அட்சக்கோடு காரைக்குடிக்கும் எங்கள் தேவகோட்டைக்கும் நடுவே கடந்து செல்கிறது என்று சொல்லிப் பாருங்கள், படத்தில் உள்ள கோடு குழந்தைக்குச் சொந்தமாகிவிடும்.

இதை உங்கள் வீட்டு வளவிலேயே காட்டவும் முடியும். சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாள்களில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவதால், வெயில் விழும் முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டால் உச்சிப்பொழுதில் அதன் நிழல் அடியிலேயே அடங்கிவிடும். ஆனால் அப்போது கடிகாரம் 12 காட்டாது, ஏறக்குறைய 12.15 காட்டும். இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டை ஒட்டியது. காரைக்குடியோ ஏறத்தாழ 78¾ பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் அந்தக் கால்மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

ராயவரத்துக்காரர்:
ஆசிரியர் ஐயா அமைவிடத்தை விளக்கிவிட்டார். வட்டாரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் ராயவரம் புதுக்கோட்டை மாவட்டம், உங்கள் ஊர் சிவகங்கை மாவட்டம், இரண்டுமே செட்டிநாடு. மாவட்டம் என்பது அரசு வரைந்த நிர்வாகப் பகுதி. அந்தக் கோடு மாறக்கூடியது. புதுக்கோட்டை மாவட்டம் 1974இலும் சிவகங்கை மாவட்டம் 1985இலும் உருவானவை. செட்டிநாடு அவற்றுக்கு வெகுகாலம் முந்தியது. வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல் என்று பெரியவர்கள் எல்லை சொல்வார்கள். அந்த எல்லைக்குள் இருக்கும் எல்லா ஊரும் செட்டிநாட்டு ஊர் என்று ஆகிவிடாது. இளையாற்றங்குடி முதல் வேலங்குடி வரையுள்ள, நகரத்தார் என்னும் செட்டியார்களின் குலக் கோயில்களான ஒன்பது நகரக் கோயில்கள், முகப்பும் வளவும் கட்டுகளுமாக நீளும் வீடுகள், ஊர்தோறும் வெட்டிய ஊரணிகள் ஆகியவற்றால் பிணைந்த ஊர்களின் தொகுதிதான் அந்த வட்டாரம். பொதுப் பண்பு ஓரிடத்தில் சட்டென முடியாமல் மெல்ல மங்குவதால், அதன் விளிம்பைக் கோடாக வரைய இயலாது. ரயில் நிலையம் வட்டாரத்தின் பெயரைத் தாங்கிய ஓர் இடம், அவ்வளவே.

கானாடுகாத்தான் வாசகர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மேலவட்டகை, கீழவட்டகை என்று ஊர்களைப் பிரித்துச் சொல்கிறார்களே, அது உயரத்தைக் குறிக்கிறதா என்றும் மகள் கேட்கிறாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை:
நல்ல கேள்வி. வழக்கில் அவை மேற்கையும் கிழக்கையும் குறிக்கும் திசைச்சொற்கள்; ஆனால் அவற்றின் வேர் உயரத்தில்தான் இருக்கிறது. தமிழ்நிலம் மேற்கே மேடாகவும் கிழக்கே தாழ்ந்தும் கிடப்பதால், மேல் என்பதிலிருந்து மேற்கும், கீழ் என்பதிலிருந்து கிழக்கும் பிறந்தன. மழை பெய்து கண்மாய் நிறையும் நாளில் அவளைக் கலுங்கருகே அழைத்துச் சென்று, வழியும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.