நாற்பதாயிரத்துக்குள் ஜிப்சியை எவ்வளவு தூக்கலாம்?

எண்ணூர்_ஜிப்சி எழுதியது:

வணக்கம். வண்டி 2008 மாருதி ஜிப்சி கிங் ஜீப், துணி டாப். 2023-இல் ஆர்சி புதுப்பித்தாயிற்று, அதனால் இன்னும் கொஞ்ச காலம் என்னிடம்தான் இருக்கும். வீடு திருவொற்றியூர், வேலை மணலி பக்கம். வாரநாளில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போவதுதான் அதற்கு வேலை. மாதம் ஒருமுறை பழவேற்காடு பக்கம் மணலில், எப்போதாவது நாகலாபுரம் மலையடிவாரத்து வண்டிப்பாதையில் ஓட்டுவேன். காட்டுக்குள் எல்லாம் போவதில்லை.

போன மாதம் அந்த அடிவாரப் பாதையில் மழைக்குப் பிறகு போனோம். டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் ஆழமாகப் பள்ளம், நடுவில் மேடு. பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம், அப்புறம் வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் பின் ஹவுசிங் (பின் சக்கரம் இரண்டுக்கும் நடுவே ஆக்சிலை மூடியிருக்கும் இரும்புக் கூடு) மேட்டில் இருந்த கல்லின் மேல் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் நாலு பேர் தள்ளித்தான் வெளியே வந்தேன். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் நண்பன் 'தூக்கிடுடா, நாலு இன்ச் தூக்கிடு' என்றே சொல்லிக்கொண்டு வந்தான்.

பட்டறைகளில் விசாரித்தேன். ஒருவர் ஷேக்கிலை (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸியோடு இணைக்கும் துண்டு) நீளமாக்கி, ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சொருகி இரண்டு இன்ச் ஏற்றித் தருவதாகச் சொன்னார், 18 ஆயிரம். இன்னொருவர் ஹவுசிங்குக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்கை மேலே மாற்றி வைத்து ஐந்து இன்ச் ஏற்றுகிறேன், 35 ஆயிரம் கொடு என்றார். வண்டியை உயர்த்தும் வெளிநாட்டு லிஃப்ட் கிட் விலையைக் கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன். என் கையில் மொத்தமே 40 ஆயிரம்தான், டயரும் தேய்ந்திருக்கிறது. அப்பா வேறு, 'நீ வண்டியைத் தூக்குகிறாயா, வண்டி உன்னைத் தூக்குகிறதா' என்று கேட்கிறார். எதைச் செய்வது?

மாதவரம்_பட்டறை எழுதியது:

தம்பி, முதலில் ஒரு விஷயம். உன் வண்டியில் தட்டியது எது? பின் ஹவுசிங். அது சக்கரத்தோடு சேர்ந்து கீழேயே இருப்பது. ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் சேஸியையும் பாடியையும் நீ ஐந்து இன்ச் என்ன, ஐம்பது இன்ச் தூக்கினாலும் அந்த ஹவுசிங் தரையிலிருந்து இன்று எவ்வளவு உயரமோ அதே உயரத்தில்தான் நிற்கும். அதே கல்லில் அதே இடத்தில் மறுபடியும் 'டங்'. கம்பெனி சொல்லும் 210 மி.மீ. என்பதும் அந்த அடிப்பகுதிக் கணக்குதான். அதை உயர்த்த இருக்கும் ஒரே வழி பெரிய டயர். சேஸி தட்டுகிறது, முன் பம்பர் மேட்டில் இடிக்கிறது, பெரிய டயர் மட்கார்டில் உரசுகிறது என்றால்தான் லிஃப்ட்டுக்கு வேலை.

இப்போது கணக்குப் பார். உன் வண்டிக்கு வரும் டயர் 205/70 ஆர்15, குறுக்களவு ஏறத்தாழ 668 மி.மீ. பொலேரோவுக்கு வரும் 215/75 ஆர்15 போட்டால் ஏறத்தாழ 703. வித்தியாசத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், அதாவது 18 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைய. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் கல்லின் மேல் உட்காருவதற்கும் உரசிக்கொண்டு தாண்டுவதற்கும் நடுவே பல சமயம் அவ்வளவுதான் இருக்கிறது. பழைய ரிம்மிலேயே ஏறும், எந்த டயர் கடையிலும் கிடைக்கும். 235/75 போட்டால் 33 மி.மீ. வரை கிடைக்கும், ஆனால் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் உரச ஆரம்பிக்கும், அந்த 1.3 லிட்டர் என்ஜினும் மேட்டில் திணறும். பட்ஜெட்டுக்கு அது வேண்டாம். 215 போட்டால் ஸ்பீடோமீட்டர் ஐந்து சதவீதம் குறைவாகக் காட்டும், 60 காட்டும்போது நீ 63-இல் போவாய், அதை மட்டும் நினைவில் வை.

அடுத்தது ஷேக்கில். இரண்டு இன்ச் நீளமான ஷேக்கில் போட்டால் இரண்டு இன்ச் ஏறாது, ஒரு இன்ச்தான் ஏறும், ஸ்பிரிங்கின் ஒரு முனைதானே இறங்குகிறது. அதோடு முன் ஆக்சில் லேசாகச் சுழன்று காஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், திருப்பத்தில் ஒடித்த ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது, நேர் ரோட்டில் வண்டி அலைபாயும். ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வைத்துச் சரி செய்யலாம், ஆனால் அதைச் சொல்லாமலேயே பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறவர்கள் அதிகம். கூடுதல் பட்டை சொருகுவது பாரம் ஏற்றுகிற வண்டிக்குச் சரி. ஜிப்சி காலியாகவே குதிக்கிற வண்டி. அதில் இன்னொரு பட்டை வைத்தால் மணலி ரோட்டில் உன் முதுகெலும்பு பேசும்.

நான் கேட்பது வேறு. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆன ஸ்பிரிங், அதுவும் எண்ணூர் உப்புக்காற்றில். அது ஏற்கெனவே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தாயா? வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, நாலு சக்கரத்திலும் ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து போடு. பம்ப் ரப்பருக்கும் (ஹவுசிங் மேலே வந்து சேஸியில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) ஹவுசிங்குக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்றும் பார். அதற்குப் பிறகு பேசுவோம்.

மீஞ்சூர்_4எல் எழுதியது:

ஸ்பிரிங்கை மேலே மாற்றுகிற வேலையைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் செய்துகொண்டேன். பத்து வருஷத்துக்கு முன்பு, இதே ஜிப்சி, ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம், இப்போது அவர்கள் அந்த வேலையைச் செய்வதும் இல்லை). வெளியே வந்தபோது வண்டி சிங்கம் மாதிரி நின்றது, தெருவில் சின்னப் பையன்கள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள், நானும் ஒரு வாரம் மிதந்தேன்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. 60-க்கு மேல் போனால் ஸ்டீயரிங் இரண்டு கையையும் உதறும். ஸ்பிரிங் மேலே போனதும் ஸ்டீயரிங் ராடு சாய்வாகிவிட்டது, அதனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி தானே ஒரு பக்கம் இழுக்கும். முதல் கியரில் 4எல் (நாலு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர்) போட்டு ஏறினால் ஸ்பிரிங் பாம்பு மாதிரி வளைந்து, விட்டதும் 'டக்' என்று திரும்பும், அதில் இரண்டு முறை ஜாயின்ட் ராடின் (ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) கிராஸ் ஜாயின்ட் போனது. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பிரேக் ஹோஸை நீளமாக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளத்தில் முன் சக்கரம் முழுசாகத் தொங்கியபோது ஹோஸ் விறைத்து, இணைப்பு யூனியன் பக்கத்தில் கசிய ஆரம்பித்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது மீஞ்சூர் ரயில்வே கேட் மூடியிருந்தது, மிதித்தேன், பெடல் பாதிக்கு மேல் இறங்கிப்போனது. முன்னால் இருந்த மீன் வண்டிக்கும் எனக்கும் ஒரு முழம்கூட இல்லை. அந்த ஐஸ் தண்ணீர் சொட்டுகிற பெட்டி இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒழுங்காகச் செய்தால் நல்ல வேலைதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒழுங்காக என்றால் ஸ்டீயரிங் ராடு வளைத்தது, நீள ஷாக்கப்சர், நீள பிரேக் ஹோஸ், பின் ஜாயின்ட் ராடுக்கு ஸ்பேசர், கோணம் பார்த்து வெல்டிங். 35 ஆயிரத்துக்கு இதில் எது எது சேரும் என்று அவரிடம் ஒரு பேப்பரில் எழுதித் தரச் சொல். எழுதமாட்டார். வண்டி அகலமே 1540 மி.மீ., அதை ஐந்து இன்ச் தூக்கிக்கொண்டு சாய்வான மேட்டில் குறுக்கே போகிறபோது வயிறு என்ன செய்யும் என்பதையும் யோசி. நான் மறு வருஷமே பழையபடி இறக்கிவிட்டேன், இறக்கவும் பணம்.

டிஎன்18 எழுதியது:

யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அளவுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் திருத்தச் சட்டத்தில் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். ஊரில் எல்லோரும் செய்கிறார்களே என்பீர்கள். சரி. ஆனால் உன் வண்டி அடுத்த ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க மறுபடியும் ஆர்டிஓ முன்னால் நிற்க வேண்டும். நடுவே யார் மேலாவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர் கையில் நீயே காரணத்தைக் கொடுத்த மாதிரி. வெல்டிங் வைத்த ஹவுசிங்கை ஒளிக்க முடியாது.

எண்ணூர்_ஜிப்சி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரி அளந்தேன். முன் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பின்னால் வலது பக்கம் இடதைவிட ஒன்றேகால் இன்ச் தாழ்வு! நான் இத்தனை நாள் தெரு சாய்வாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பம்ப் ரப்பருக்கு நடுவே இடது பக்கம் மூன்று விரல் நுழைகிறது, வலது பக்கம் ஒன்றரை. பட்டைகளுக்கு நடுவே துரு பிதுங்கி, இட்லிக்கு நடுவே சட்னி வைத்த மாதிரி இருக்கிறது. ஸ்பிரிங்கை அடித்து வளைத்துக் கொடுப்பார்களாமே, அது போதுமா?

மாதவரம்_பட்டறை எழுதியது:

வலது பின் பக்கம் பட்டை உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். கழற்றாமல் தெரியாது, விரிசல் பெரும்பாலும் பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் ஓட்டைக்குக் கிட்டே, ஸ்பிரிங்கை ஹவுசிங்கோடு கட்டும் யு கிளாம்ப்புக்கு அடியில் மறைந்துகொள்ளும்.

அடித்து வளைப்பதில் இரண்டு வகை. குளிர்ந்த பட்டையைப் பட்டறைக் கல்லில் வைத்துச் சுத்தியால் அடித்து வளைவு ஏற்றுவது ஒரு வகை, அரை நாளில் கொடுத்துவிடுவார்கள், சில மாதத்தில் பழையபடி படுத்துவிடும். இன்னொன்று உலையில் சூடாக்கி, வளைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடி மிதமாகச் சூடாக்கி டெம்பர் ஏற்றுவது. லாரி ஸ்பிரிங்குக்கு இதைச் செய்கிற பட்டறைகள் நம் பக்கம் இருக்கின்றன, நேரில் போய் உலை எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடு. உடைந்த பட்டையை மட்டும் புதிதாகப் போடு, ஸ்பிரிங் முனைகளில் இருக்கும் புஷ் எல்லாம் மாற்று, யு கிளாம்ப் பழையதைத் திரும்பப் போடாதே. பட்டைகளைப் பிரித்துத் துரு சுரண்டி, கிராபைட் கிரீஸ் தடவிச் சேர்க்கச் சொல். கம்பெனி வளைவுக்குத் திரும்பினாலே போதும், அதற்கு மேல் வளைக்கச் சொல்லாதே. சட்டப் பேச்சும் வராது.

ஷாக்கப்சரை உடனே வாங்காதே. அதன் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கிக் கட்டிவிட்டு ஒருநாள் கரடுமுரடான பாதையில் ஓட்டு. டை எங்கே போய் நிற்கிறதோ அதுவரை ஷாக்கப்சர் அமுங்கியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு எது வேண்டும் என்று முடிவு செய்யலாம்.

காசிமேடு_ஆமை எழுதியது:

மணலுக்கு லிஃப்ட்டே தேவையில்லை தலைவா. டயர் காற்றை 16, 18 பிஎஸ்ஐக்கு இறக்கி, முன் சக்கரமும் இழுக்கும்படி ஹப்பைப் பூட்டி, நிற்காமல் ஒரே வேகத்தில் போனால் ஜிப்சி மாதிரி லேசான வண்டி போய்க்கொண்டே இருக்கும். சிக்கினால் ஆக்சிலரேட்டரை மிதித்துக் குழி தோண்டாதே, இறங்கி மண்ணைத் தள்ளு. திரும்பி ரோட்டுக்கு வரும் முன் காற்றடிக்க ஒரு கம்ப்ரசர் வாங்கி வை, லிஃப்ட் காசில் அதுதான் உருப்படி. வீட்டுக்கு வந்ததும் அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சு, உப்பு சேஸியைத் தின்றுவிடும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இரவில் கடலோர மணலில் வண்டி ஏற்றாதே, ஆமை முட்டையிட வரும் காலம்.

எண்ணூர்_ஜிப்சி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அண்ணன் வாயில் சர்க்கரை போட வேண்டும். வலது பின் பக்கம் இரண்டாவது பட்டை சரியாக சென்டர் ஓட்டைக்குப் பக்கத்தில் இரண்டாகப் போயிருந்தது. உடைந்த இடத்தில் பாதி கறுப்புத் துரு, பாதி பளபளப்பு. பாதி எப்போதோ போயிருக்கிறது, மீதி அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்த அன்று போயிருக்கும் என்று பட்டறைக்காரர் சொன்னார்.

உலை வேலை, ஒரு புதுப் பட்டை, புஷ், யு கிளாம்ப் எல்லாம் சேர்த்து 9,500. 215/75 டயர் நாலு, 26 ஆயிரம். ஸ்டெப்னி பழைய சைஸ்தான், அதைப் போட்டால் 4x4 போடக் கூடாது என்று டேஷ்போர்டில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். மீதிக் காசில் கம்ப்ரசர். இப்போது பின்னால் இரண்டு பக்கமும் ஒரே அளவு, டேப் பிடித்து மூன்று முறை பார்த்தேன். நேற்று அதே அடிவாரப் பாதையில் போனேன், அந்தக் கல்லில் ஹவுசிங் லேசாக உரசியது, நிற்கவில்லை. கேபிள் டை பாதித் தண்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது, அது நல்லதா கெட்டதா?

மாதவரம்_பட்டறை எழுதியது:

நல்லது. ஷாக்கப்சர் கசியும் வரை தொடாதே. 500 கிலோமீட்டர் ஓடியதும் யு கிளாம்ப் நட்டை மறுபடி இறுக்கு, மறக்காதே. உடைந்த பட்டையை எடைக்குப் போட்டுவிட்டாயா?

எண்ணூர்_ஜிப்சி எழுதியது:

இல்லை அண்ணே, வண்டியிலேயே கிடந்தது. எங்கள் தெருமுனையில் மீன் வெட்டுகிற அக்கா பார்த்துவிட்டு, கொல்லரிடம் கொடுத்து இரண்டு கத்தி அடித்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு கிலோ சங்கரா கொடுத்தார்.