கலைச்சொல் விவாதம்: குடியேறியோர்க்குப் 'பொதுமன்னிப்பா', 'வதிவு வரன்முறையா'?

முதல் மடல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் குறித்த கட்டுரைத் தொகுப்பு ஒன்றைத் தமிழாக்கம் செய்துவருகிறேன். ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டேன். விசா இல்லாமல் வந்தோ, விசா முடிந்த பிறகும் தங்கியோ, ஒரு நாட்டில் பல ஆண்டு வாழ்ந்துவிட்டவருக்கு அங்கேயே சட்டப்படியான வதிவுரிமை கொடுப்பதை ஆங்கிலத்தில் 'ரெகுலரைசேஷன்' என்கிறார்கள். நம் நாளிதழ்களில் இதற்குப் 'பொதுமன்னிப்பு' என்றே வருகிறது.

பொதுமன்னிப்பு என்ற சொல் நமக்கு வளைகுடாவிலிருந்து பழகியது. குவைத்திலும் அமீரகத்திலும் அரசு ஒரு கெடு வைக்கும். அதற்குள் வந்து பதிந்துகொள்பவர்கள் அபராதமோ சிறையோ இல்லாமல் ஊருக்குக் கிளம்பலாம். கடலூரிலும் ராமநாதபுரத்திலும் இதற்காகக் காத்திருந்த குடும்பங்கள் பல. அங்கே அந்தச் சொல் பெரும்பாலும் 'தண்டனையில்லாமல் வெளியேறு' என்பதற்கே வழங்குகிறது. நான் சொல்ல வரும் நடவடிக்கையோ 'இங்கேயே இரு, இனி சட்டப்படி இரு' என்பது. எதிரெதிரான இரண்டு காரியங்களுக்கு ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

என் பரிந்துரை: வதிவு வரன்முறை. வினையாக வேண்டுமென்றால், வதிவை வரன்முறைப்படுத்துதல்.

'வரன்முறை' தமிழ்நாட்டில் யாரும் அகராதி பார்க்க வேண்டாத சொல். 20.10.2016-க்குள் பத்திரப்பதிவான அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. ஒரு வரம்பு நாள், விண்ணப்பம், கட்டணம், பிறகு ஆணை. தற்காலிக ஊழியர்களுக்குப் பணிவரன்முறை என்கிறோம். இவற்றில் எதையும் மன்னிப்பு என்று எவரும் சொன்னதில்லை. நடந்துவிட்ட வாழ்க்கையைச் சட்டம் வந்து எட்டிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். மனைக்கு இருக்கிற இந்த வழி மனிதருக்கு ஏன் கூடாது என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்காவிலேயே இந்த வழி இருந்தது. 1929-இல் 'ரெஜிஸ்ட்ரி' என்ற ஏற்பாட்டைச் சட்டமாக்கினார்கள். 1921 ஜூன் 3-க்கு முன்பே வந்து, தொடர்ந்து வாழ்ந்து, நன்னடத்தையோடு இருப்பவர் வந்த விதத்துக்குச் சான்று இல்லாவிட்டாலும் நிரந்தர வதிவுரிமை பெறலாம். அந்நாளில் பயன்பெற்றவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்தவர்கள். அந்த வரம்பு நாளைக் காலத்துக்கேற்ப நகர்த்திக்கொண்டே வந்தார்கள்: 1940-இல் 1924-க்கு, 1958-இல் 1940-க்கு, 1965-இல் 1948-க்கு, 1986-இல் 1972 ஜனவரி 1-க்கு. அத்தோடு நின்றுவிட்டது. 1972-க்குப் பின் கைக்குழந்தையாக வந்து, இன்று பேரப்பிள்ளை எடுத்திருப்பவருக்குக்கூட அந்தக் கதவு மூடியே இருக்கிறது. சட்டம் நீக்கப்படவில்லை, தேதி மட்டும் உறைந்துபோனது.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி, கோவையிலிருந்து

ஐயா, வணக்கம். 'பொதுமன்னிப்பு' பொருந்தவில்லை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'வரன்முறை' என்றதும் நகர ஊரமைப்பு அலுவலகத்தின் கோப்புதான் நினைவுக்கு வருகிறது. மனிதர்களைப் பற்றிய சொல்லில் கொஞ்சம் ஈரம் வேண்டாமா? 'வதிவுரிமை அளித்தல்' என்று நேராகச் சொன்னாலே போதுமே.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. என் அக்கா மகன் எச்-1பி என்ற வேலை விசாவில் அமெரிக்கா போனவன். நிரந்தர வதிவுரிமை தரும் பச்சை அட்டைக்கு வரிசையில் நிற்கிறான். எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது. முறையாகப் போனவன் காத்திருக்க, வரிசையில் நிற்காமல் நுழைந்தவர்களுக்கு வரன்முறை என்றால், சட்டத்தை மதித்தவன் ஏமாளியா? இதை நீங்கள் பேசாமல் சொல்லை மட்டும் பேசினால் விவாதம் முழுமையாகாது.

மறுமொழி, டொரன்டோவிலிருந்து

வணக்கம் அண்ணை. 'வதிவு' எங்கட சொல்தான். 'நிரந்தர வதிவிட உரிமை' எண்டு இலங்கையிலும் இஞ்சையும் எழுதிறனாங்கள். 'வரன்முறை' எங்களுக்குப் புழக்கமில்லை, ஆனால் வாசிச்ச உடனே விளங்குது. பேச்சில எங்கட ஆக்கள் "பேப்பர் கிடைச்சிட்டுதோ" எண்டுதான் கேட்பினம்.

ஒரு விசயம் சேர்க்கவேணும். 2010 ஓகஸ்டில சன் சீ கப்பல் 492 தமிழரோட பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தது. அகதிக் கோரிக்கை கேட்டு வந்த சனத்தைப் பிள்ளைகுட்டியளோட தடுத்து வைச்சவை. கனபேருக்கு மாதக்கணக்கில வெளிய வரேலாமல் போச்சுது. கோரிக்கையை விசாரிக்க முதலே 'சட்டவிரோதிகள்' எண்ட பேர் வந்திட்டுது. பேர் முந்தினால் விசாரணை பிந்தும். அதால இந்தச் சொல் விசயத்தில நீங்கள் மினக்கெடுறது நல்லதுதான்.

முதல் மடலாளரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. கோவை நண்பரின் இரண்டாம் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் கனமானது.

உங்கள் அக்கா மகன் காத்திருப்பது எல்லை தாண்டி வந்தவர்களால் அல்ல. வேலைவழிப் பச்சை அட்டைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000. அதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் பொதுவாகக் கிடையாது. இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. அந்த வரிசை நீள்வதற்கு இந்தக் கணக்கே முதன்மைக் காரணம். தோட்டத்தில் தக்காளி பறிப்பவருக்கும் இறைச்சி ஆலையில் வெட்டுபவருக்கும் நிற்பதற்கு வரிசையே இல்லை என்று சொல்லலாம்: இரண்டு ஆண்டுப் பயிற்சி தேவைப்படாத வேலைகளுக்கு உலகம் முழுமைக்குமாக ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 இடங்கள்தான் சட்டத்தில் உள்ளன, குடும்பத்தினரையும் சேர்த்து. அந்த வேலைகளோ லட்சக்கணக்கில் இருக்கின்றன. 'வரிசையில் வா' என்று சொல்பவர் முதலில் வரிசையைக் காட்ட வேண்டும்.

உங்கள் அக்கா மகனுக்கு இந்தியாவில் பிறந்த பிள்ளைகள் இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. தந்தையின் விசாவை ஒட்டி எச்-4 விசாவில் வளரும் பிள்ளைக்கு 21 வயது நிறைந்தால் அந்த விசா முடிந்துவிடும். நான்கு வயதில் போன பெண், அங்கேயே பள்ளி, கல்லூரி எல்லாம் முடித்தவள், 21-இல் மாணவர் விசா போன்ற வேறொரு விசா தேட வேண்டும். இல்லையேல் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். எல்லா விதியையும் மதித்த குடும்பத்துப் பிள்ளை அவள். அவளுக்கும், மெக்சிகோ எல்லையிலுள்ள ரியோ கிராண்டே ஆற்றைத் தாயின் தோளில் கடந்த பிள்ளைக்கும் தேவைப்படுவது ஒரே சீர்திருத்தம்தான்.

இனி 'ஈரம்' பற்றி. மன்னிப்பில் ஈரம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் மன்னிப்பு கேட்க முதலில் குற்றவாளியாக வேண்டும். அனுமதியில்லாமல் எல்லை கடப்பது அங்கே சிறு குற்றம், உண்மைதான். விசா முடிந்தும் தங்குவது குற்றவியல் விவகாரமே அல்ல, உரிமையியல் மீறல். நாட்டிலிருந்து வெளியேற்றத் தக்கவர் ஒருவர் அங்கே தொடர்ந்து இருப்பது பொதுவாகக் குற்றமாகாது என்று 2012-இல் அரிசோனா மாநில வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீதிபதி கென்னடியின் தீர்ப்பில் தெளிவாகவே சொல்லிவிட்டது. இதில் ஒரு கொடுமையும் ஒளிந்திருக்கிறது. குற்ற வழக்கு இல்லை என்பதால் அரசு செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமையும் இல்லை. தடுப்புக்காவல் உண்டு, கைவிலங்கு உண்டு, நாட்டை விட்டு அனுப்புவது உண்டு. துணைக்கு வக்கீல் மட்டும் இல்லை. வாதாடத் தெரியாத சிறுபிள்ளைகள் தனியாக நீதிபதி முன் நின்றிருக்கிறார்கள்.

பொதுமன்னிப்பைக் குறிக்கும் 'அம்னஸ்டி' என்ற ஆங்கிலச் சொல் அங்கே என்ன வேலை செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2013 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் சபை 68-க்கு 32 என்று ஒரு சீர்திருத்த மசோதாவை நிறைவேற்றியது. விண்ணப்பிப்பவர் அபராதம் கட்ட வேண்டும், வரிபாக்கி தீர்க்க வேண்டும், ஆங்கிலம் கற்க வேண்டும், பெரும்பாலோர் குடியுரிமைக்குப் பதின்மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். இத்தனை நிபந்தனைகளையும் 'அம்னஸ்டி' என்ற ஒற்றைச் சொல்லால் அடித்தார்கள். கீழவையான பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. நாம் தமிழில் 'பொதுமன்னிப்பு' என்று எழுதும்போது, தெரியாமலே ஒரு கட்சியின் வாதத்தை மொழிபெயர்த்துத் தருகிறோம்.

கடும் அமலாக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு ஊரைச் சொல்கிறேன். ஐயோவா மாநிலத்தில் போஸ்ட்வில், இரண்டாயிரம் சொச்சம் மக்கள் வாழும் சின்ன ஊர். 2008 மே 12 காலை அங்கிருந்த இறைச்சி ஆலையைக் குடியேற்றத் துறை வளைத்து 389 பேரைப் பிடித்தது. பெரும்பாலோர் குவாத்தமாலாவின் ஏழை விவசாயிகள். அவர்களை வாட்டர்லூ நகரத்தின் கால்நடைக் கண்காட்சித் திடலில் அடைத்தார்கள். நீதிமன்றத்தையும் அங்கேயே அமைத்தார்கள். கையிலும் இடுப்பிலும் காலிலும் சங்கிலியோடு, பத்துப் பத்துப் பேராக நிறுத்திக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அங்கே வேலைக்குத் தேவையான சமூகப் பாதுகாப்பு எண்ணைப் பொய்யாகக் காட்டி வேலை செய்ததற்காக ஏறத்தாழ முந்நூறு பேர் தண்டிக்கப்பட்டார்கள். பெரும்பாலோருக்கு ஐந்து மாதச் சிறை. ஒப்புக்கொள்ளாவிட்டால் குறைந்தது இரண்டு ஆண்டு தண்டனை உள்ள அடையாளத் திருட்டு வழக்கு பாயும் என்பதே அவர்கள் முன் வைக்கப்பட்ட பேரம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்காக வெளியே விடப்பட்ட பெண்களின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி. குடும்பங்கள் உள்ளூர் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தன. சில மாதங்களில் ஆலை திவாலானது, ஊரே காலியானது.

அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: அந்த எண் வேறொரு நபருடையது என்று தெரிந்தே பயன்படுத்தியிருந்தால்தான் அடையாளத் திருட்டுச் சட்டம் பொருந்தும். போஸ்ட்வில் தொழிலாளர்களை மிரட்டிய சட்டப்பிரிவு அதுவேதான். அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் தண்டனை முடிந்து நாட்டை விட்டு அனுப்பப்பட்டிருந்தார்கள். 2018-இல் எல்லையில் பெற்றோரிடமிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பிரித்ததும் இதே வழியில் வந்த காரியம். யாரை எங்கே அனுப்பினோம் என்ற முறையான பதிவுகூட இல்லாமல் பிரித்தார்கள்.

மறுபக்கம் 1986. அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் சுமார் 27 லட்சம் பேர் வதிவுரிமை பெற்றார்கள். நாடு இடிந்து விழவில்லை. அந்தச் சட்டத்தின் குறை வேறு: 1982-க்கு முன் வந்தவர்களைப் பெரும்பாலும் சேர்த்துக்கொண்டதே தவிர, பிறகு வரப்போகிற தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான வழி எதையும் போதுமான அளவில் திறக்கவில்லை. 1996-இல் இன்னும் இறுக்கினார்கள். அனுமதியின்றி 180 நாளுக்கு மேல் இருந்தவர் வெளியேறினால் மூன்று ஆண்டுக்கும், ஓராண்டு இருந்தவர் வெளியேறினால் பத்து ஆண்டுக்கும் திரும்பி வர முடியாது. எல்லை தாண்டி வந்த ஒருவர் அமெரிக்கக் குடிமகளை மணக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர் சொந்த நாட்டுக்குப் போய்த்தான் விசா வாங்க வேண்டும். போனால் பத்தாண்டுத் தடை. விலக்கு உண்டு, எல்லோருக்கும் கிடைப்பதில்லை. போகவும் முடியாது, இருக்கவும் கூடாது. ஆட்களைக் குறைப்பதற்கென்று வந்த சட்டம், இருப்பவர்களை அங்கேயே நிழலில் பூட்டிவைத்தது.

டொரன்டோ தங்கை சொன்னதோடு நம் வீட்டுச் செய்தி ஒன்றையும் சேர்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. நல்ல மாற்றம், வரவேற்றேன். ஆனால் 2003-இல் குடியுரிமைச் சட்டத்தில் சேர்த்த 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறை இவர்களைப் பொறுத்தவரை அப்படியே இருக்கிறது. முகாமிலேயே பிறந்து பட்டம் வாங்கிய பிள்ளைகள் பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. பலகை மாறினாலும் பத்திரம் மாறவில்லை. அதனால்தான் 'வதிவுரிமை அளித்தல்' எனக்குப் போதவில்லை. புதிதாக விசா வாங்கி வருபவருக்கும் வதிவுரிமை அளிக்கிறார்கள். ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருப்பவரின் நிலையை அரசு ஆணையால் சரிசெய்வது என்ற பொருள் 'வரன்முறை'யில்தான் இருக்கிறது. கோப்பு வாசனை அடிக்கிறது என்றீர்கள். அடிக்கட்டும் ஐயா. இவர்கள் கேட்பது அந்தக் கோப்பைத்தான். அதில் ஓர் எண், ஒரு கையெழுத்து.

கலைச்சொல் பட்டியலுக்கு நான் தரும் வரைவு:

வதிவு வரன்முறை: உரிய அனுமதியின்றி ஒரு நாட்டில் வாழ்ந்துவருபவருக்கு, அவர் அங்கிருந்து வெளியேறாமலே, சட்டம் வகுத்த நிபந்தனைகளின்படி வதிவுரிமை வழங்கும் நடவடிக்கை.

வரம்பு நாள்: எந்த நாளுக்கு முன் வந்தவர்கள் வரன்முறைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் குறிக்கும் நாள்.

பொதுமன்னிப்பு: கெடுவுக்குள் வெளியேறுபவருக்கு அபராதமும் தண்டனையும் விலக்கும் அறிவிப்புக்கு மட்டும்.

ஆளைக் குறிக்க 'சட்டவிரோதக் குடியேறி' வேண்டாம், 'ஆவணமற்ற குடியேறி' இருக்கட்டும். ஐ.நா. பொதுச்சபை 1975-லேயே இதையொத்த வழக்கைத்தான் பரிந்துரைத்தது.

'டிப்போர்ட்டேஷனு'க்கு நாடுகடத்தல், வெளியேற்றல் இரண்டும் தொகுப்பில் கலந்து கிடக்கின்றன. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். மேலே உள்ளவற்றில் மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.