எறியிருக்கை: "பாதுகாப்பான" என்ற சொல் ஏன் போதாது

> அருங்காட்சியகப் பலகைக்கு "பாதுகாப்பாக்கப்பட்ட வெளியேற்று இருக்கை" என்று எழுதலாமா?

ஐயா, வேண்டாம். எறியிருக்கை (ejection seat) என்பது ஆபத்தில் விமானியை வெடிவிசையால் வெளியே எறியும் இருக்கை. பாதுகாப்பாக்கப்பட்ட என்ற சொல் அதன் இரண்டு வேறு நிலைகளை ஒன்றாக்கிவிடுகிறது.

பிரிட்டனில் பார்வையாளரை உட்காரவிடும் பழைய ஹாக்கர் ஹன்ட்டர் போர்விமானத்தை எடுத்துக்கொள்வோம். மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் இருக்கை. தலைக்கு மேலே மஞ்சள்-கறுப்புக் கோடிட்ட கைப்பிடி. அதை இழுத்தால் முகத்தின் மேல் திரை இறங்கும், சுடுமுனையைத் தடுத்து வைத்திருக்கும் ஆப்பு உருவிக்கொள்ளும், முதல் தோட்டா வெடிக்கும். இருக்கையை மேலே தள்ளும் குழாய் நீள நீள அடுத்த தோட்டாக்களும் பற்றிக்கொள்ளும். குறுகலான அந்த இடத்தில் ஏறி இறங்குபவரின் கை பிடிமானம் தேடிப் போவதும் அதே கைப்பிடிக்குத்தான்.

ஆப்பு நகராமல் குறுக்கே ஆணி செருகியிருப்பது ஒரு நிலை. தோட்டாக்களையே கழற்றிவிட்டது இன்னொரு நிலை. முதலாவது, இன்னும் பறப்பில் ஈடுபடும் விமானம் தரையில் நிற்கும்போது போதும். பொதுமக்கள் உட்காரும் இருக்கைக்கு இரண்டாவதுதான் வேண்டும். ஆணியை ஒரு குழந்தைகூட உருவிவிடும்.

என் முன்மொழிவு: காப்பூசியிட்ட இருக்கை, தோட்டா நீக்கிய இருக்கை.

---

> காப்பூசி

நீங்கள் சொன்ன இந்தச் சொல்லில், ஊசி என்றால் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். ஊக்கு என்றால் புடவை. வண்டிச் சக்கரம் கழலாமல் காப்பது கடையாணி. கையால் செருகி கையால் உருவுவது. அந்த வழியில் "காப்பாணி" பொருந்தும்.

> தோட்டா நீக்கிய

இதில் ஒரு குறை. சுடும் குழாயில் மூன்று தோட்டாக்களை எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணக்கூடாது. சிறு பாராசூட்டை இழுத்துவிடும் துப்பாக்கிக்குத் தனித் தோட்டா. விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியான கவிகையைத் தூக்கியெறியவும் தனி வெடிமருந்து. ஹாரியர் போர்விமானத்தில் கவிகைக் கண்ணாடியோடு வெடிநாடாவே ஒட்டியிருக்கும், அதைத் தோட்டா என்று சொல்லவே முடியாது. ஆகவே "வெடிநீக்கிய" என்பதே எல்லாவற்றையும் அடக்கும்.

தலைப்பில் நீங்கள் வைத்த "எறியிருக்கை" எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சுடுசோறு போல வினைத்தொகை. எறிந்த, எறிகிற, எறியும் என மூன்று காலமும் அதில் உண்டு. அதனாலேயே முன்னால் வரும் அடைமொழி இறந்தகாலத்தில் இருந்தாக வேண்டும். "வெடிநீக்கு எறியிருக்கை" என்று சுருக்கினால், நீக்கியாயிற்றா, இனிமேல்தான் நீக்க வேண்டுமா என்பது தெரியாது. பலகையில் தெரிய வேண்டியதே அதுதான்.

---

ஏற்கிறேன். காப்பாணி, வெடிநீக்கிய இரண்டும் சரி. பலகை வாசகம்:

"வெடிநீக்கிய எறியிருக்கை. இருக்கை, பாராசூட் துப்பாக்கி, கவிகை மூன்றிலும் வெடிமருந்து இல்லை. மஞ்சள்-கறுப்புக் கைப்பிடியைப் பிடித்து ஏறவோ இறங்கவோ வேண்டாம்."

வெடி நீக்கிய பிறகும் கடைசி வரி இருக்கட்டும். பக்கத்து விமானத்தில் காப்பாணி மட்டுமே இருக்கலாம். அதற்கான பலகையில் "காப்பாணியிட்ட எறியிருக்கை, உள்ளே ஏறாதீர்" என்று சிவப்பில் எழுத வேண்டும்.