கிட்ஹப்பில் பக்கம் நிறைய புராஜெக்ட் இருந்தும் அழைப்பு வரவில்லை, எங்கே கோளாறு?

தேவகோட்டை ரஸ்தா கேட்கிறார்:

வணக்கம். பி.சி.ஏ. முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே முதல் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், நோட்.ஜேஎஸ், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓரளவு தெரியும். புரோகிராம்களை எல்லோரும் பார்க்க ஏற்றி வைக்கும் தளமான கிட்ஹப்பில் வானிலை ஆப், டூ-டூ லிஸ்ட், கால்குலேட்டர், ஒரு ஷாப்பிங் தளம், படம் பார்க்கும் தளம் ஒன்றின் நகல் என்று பக்கம் முழுக்க புராஜெக்ட் வைத்திருக்கிறேன். தனியாக ஒரு போர்ட்ஃபோலியோ தளமும் உண்டு. லிங்க்டுஇன், நௌக்ரி இரண்டிலும் விண்ணப்பித்தபடியேதான் இருக்கிறேன். பதிலே வருவதில்லை.

ஒரே ஒரு கம்பெனியிலிருந்து ஹெச்.ஆர். போனில் பேசினார். ஷாப்பிங் தளத்தைத் திறந்தால் ஒன்றுமே வரவில்லை என்றார். என் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது என்று சொன்னேன். அதற்குப் பிறகு அங்கிருந்தும் பேச்சில்லை.

தளம் ஏன் மற்றவர்களுக்குத் திறக்கவில்லை? இன்னும் புராஜெக்ட் சேர்க்க வேண்டுமா? சென்னையில் தங்கி ஏதாவது கோர்ஸ் படித்தால்தான் ஆகுமா? பணம் புரட்டித் தருகிறேன் என்று அப்பா சொல்கிறார். அவரிடம் வாங்க எனக்கு மனமில்லை. லிங்க் கீழே கொடுத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

கோட்டையூர்க்காரன்:

தம்பி, சென்னைப் பேச்சை அப்புறம் பார்க்கலாம். முதலில் தளம். லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருக்கும் நோட்.ஜேஎஸ் சர்வரை நிறுத்துங்கள். போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில், இன்காக்னிட்டோவில் உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். என்ன தெரிகிறது, எது எங்கே ஓடுகிறது, எல்லாவற்றையும் எழுதுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

பார்த்தேன் அண்ணா. ஷாப்பிங் தளத்தின் முன்பக்கம் கிட்ஹப்பின் தளம் வெளியிடும் சேவையான பேஜஸில் இருக்கிறது. போனில் மேலே தலைப்பு மட்டும் வருகிறது, பொருள்கள் வரவில்லை. வேறு பக்கத்துக்குப் போய் ரிஃப்ரெஷ் செய்தால் பக்கம் இல்லை என்ற 404 பிழை. வானிலை ஆப் ரெண்டர் என்ற ஹோஸ்டிங் தளத்தின் இலவசத் திட்டத்தில் இருக்கிறது. அது ரொம்ப நேரம் சுற்றிவிட்டுத்தான் வந்தது.

கோட்டையூர்க்காரன்:

அப்படியானால் மூன்றும் வேறு வேறு கோளாறு.

பொருள்கள் வராததற்குக் காரணம் உங்கள் கோடிலேயே இருக்கிறது. ஏபிஐ முகவரியாக, அதாவது பொருள்களின் தகவலை சர்வரிடம் கேட்கும் முகவரியாக, லோக்கல்ஹோஸ்ட் 5000 என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். யார் திறந்தாலும் பிரவுசர் அந்த ஆளுடைய கம்ப்யூட்டரிலேயே சர்வரைத் தேடும். உங்கள் லேப்டாப்பில் அது ஓடிக்கொண்டிருந்ததால் உங்களுக்குக் குறை தெரியவே வாய்ப்பில்லை. சர்வரையும் ஏதாவது ஓரிடத்தில் ஏற்றி, முகவரியை, தளத்தை வெளியிடத் தயாரிக்கும் பில்ட் சமயத்தில், கோடுக்கு வெளியே வைக்கும் சுற்றுச்சூழல் மாறியிலிருந்து (environment variable) எடுக்கும்படி மாற்றுங்கள்.

404 வருவது பேஜஸின் இயல்பு. அது கோப்புகளை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். ரியாக்ட் உருவாக்கும் பாதைக்கு அங்கே கோப்பு ஏதும் கிடையாது. முகவரியில் # போட்டுப் பாதையைக் காட்டும் ஹாஷ் ரவுட்டருக்கு மாறிவிடுங்கள், தீர்ந்தது. பில்ட் கான்ஃபிகில் பேஸ் (base) என்ற இடத்தில் ரிப்போ (கிட்ஹப்பில் ஒரு புராஜெக்டின் கோப்புகள் இருக்கும் இடம்) பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் முழுப் பக்கமும் வெள்ளையாக நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரெண்டரின் இலவச சர்வர் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் தூங்கிவிடும். அடுத்து வருபவருக்காக எழுந்திருக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுக்கும். விண்ணப்பங்களை அடுக்கி வைத்துப் பார்ப்பவர் அத்தனை நேரம் காத்திருக்க மாட்டார். சர்வர் உண்மையிலேயே தேவைப்படாத புராஜெக்டை சர்வர் இல்லாமல் செய்யுங்கள். தேவைப்பட்டால், சர்வர் எழுந்துகொண்டிருக்கிறது என்று திரையில் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி காட்டுங்கள். ரிப்போவின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டும் சின்ன வீடியோ ஒன்றும் இருந்தால், தளம் தூங்கினாலும் உங்கள் வேலை தெரியும்.

கானாடுகாத்தான் டெஸ்டர்:

தம்பி, இதை இன்றைக்கே செய்யுங்கள். உங்கள் வானிலை ஆப் ரிப்போவில் டாட் என்வி (.env) கோப்பு அப்படியே கிடக்கிறது, உள்ளே ஏபிஐ கீ, அதாவது வெளிச் சேவையைப் பயன்படுத்தும் ரகசியச் சாவி. கோப்பை அழித்து மறுபடி கமிட் செய்தால் (மாற்றத்தைப் பதிந்தால்) போதாது, பழைய கமிட்டில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் கீயை ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுங்கள், அப்புறம் ஏற்றக் கூடாத கோப்புகளின் பட்டியலான கிட்இக்னோரில் அந்தக் கோப்பைச் சேர்த்துவிடுங்கள். தரவிறக்கிய நிரல் தொகுப்புகள் கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரும் உள்ளே இருக்கிறது, அதையும் எடுத்துவிடுங்கள். ரிப்போவைத் திறக்கும் டெவலப்பர் கண்ணில் முதலில் படுவது இவைதான்.

இன்னொன்று. போர்ட்ஃபோலியோ தளத்தில் உங்கள் படம் எனக்குத் தெரியவில்லை. கோப்பின் பெயர் பெரிய எழுத்தில், கோடில் சின்ன எழுத்தில். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் விடாது.

பள்ளத்தூர் ஆச்சி மகள்:

நான் எங்கள் டீமில் புதியவர்களை எடுக்கும்போது இன்டர்வியூ செய்பவள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சேர்க்காதீர்கள், குறையுங்கள். கிட்ஹப் முகப்பில் 6 ரிப்போ வரை பின் செய்யலாம் (முன்னால் தெரியும்படி நிறுத்தலாம்) என்பதற்காக ஆறையும் நிரப்ப வேண்டியதில்லை. இரண்டு போதும். டூ-டூ லிஸ்ட், வானிலை ஆப், படத்தளத்தின் நகல் எல்லாம் கற்றுக்கொள்ளும்போது எல்லோரும் செய்வதுதான், தவறில்லை. ஆனால் அவற்றில் முடிவுகளையெல்லாம் வீடியோவில் பாடம் எடுத்தவரே எடுத்துவிட்டார். இந்த டேட்டாபேஸ் டேபிளை ஏன் இப்படிப் பிரித்தாய் என்று நான் கேட்டால் பையன் விழிக்கிறான். எனக்கு அவன் எடுத்த முடிவு ஒன்றாவது வேண்டும்.

உங்களைச் சுற்றி நோட்டிலும் கால்குலேட்டரிலும் யாராவது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்களா? அரிசி மில், கண்டாங்கிச் சேலை நெசவு, பலகாரக் கடை, எதுவானாலும் சரி. அவர்களுக்கு நிஜமாகவே இருக்கும் ஒரு தொல்லையை எடுத்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

அக்கா, என் மாமா ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் இருக்கிறார். பெங்களூரு, கோயம்புத்தூர் பக்கமிருந்து வீடு கட்டுபவர்கள் போனில் அறை அளவைச் சொல்லி எத்தனை கல் வேண்டும் என்று கேட்பார்கள். அவர் கணக்குப் போட்டுச் சொல்வார், ஆர்டரை நோட்டில் எழுதிக்கொள்வார். அதைச் செய்யலாமா? நீளத்தை அகலத்தால் பெருக்கிக் கல்லின் பரப்பால் வகுத்தால் முடிந்துவிடுமே, ரொம்பச் சின்னதாக இருக்காதா?

ஆத்தங்குடி வாசி:

சின்னது என்று யார் சொன்னது? 12 அடிக்கு 10 அடி அறை, 10 அங்குலக் கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன கணக்குப்படி 173 கல் வரும். இப்போது அதே அறையில் கொத்தனாரை நிறுத்துங்கள். 120 அங்குலப் பக்கம் சரியாக 12 கல். 144 அங்குலப் பக்கத்தில் 14 முழுக்கல் போக 4 அங்குலம் மிச்சம். ஒரு கல்லை வெட்டினால் 4 அங்குலத் துண்டு இரண்டு கிடைக்கும். 12 வரிசைக்கு 6 கல். ஆக 168ம் 6ம் சேர்ந்து 174.

ஆனால் பூ வேலை உள்ள கல்லை யாரும் அப்படி ஒரு சுவரோரம் ஒதுக்கிப் பதிக்க மாட்டார்கள். பூ நடுவில் நிற்க வேண்டும், இரண்டு சுவரோரமும் துண்டு சமமாக வர வேண்டும். 14 முழுக்கல் வைத்தால் இரண்டு பக்கமும் 2 அங்குலச் சில்லு, பார்க்கவும் நன்றாக இராது, வெட்டும்போதே உடையும். அதனால் 13 முழுக்கல், பக்கத்துக்கு ஒரு 7 அங்குலத் துண்டு. 7 வெட்டிய கல்லில் மிச்சம் 3, அது எதற்கும் ஆகாது. வரிசைக்கு 15, மொத்தம் 180. மேலே 5 சதவீதம் சேதாரம் போட்டால் 189. பார்டர் கல் வைத்தால் கணக்கே வேறு.

குறைந்துபோனால் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. இது கண்ணாடி மேல் சட்டம் வைத்து, அதற்குள் அச்சை நிறுத்தி, சாயம் கலந்த சிமெண்டைக் கையால் ஊற்றி வார்ப்பது. அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், அதன் மேல் மணலும் சிமெண்டும். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவிட வேண்டும். அடுத்த தடவை வார்க்கும்போது சிவப்பு ஒரு சாயல் மாறிவிடும். நடுக் கூடத்தில் நாலு கல் மட்டும் தனியாகத் தெரிந்தால் வீட்டுக்காரர் மனசு ஆறாது.

பள்ளத்தூர் ஆச்சி மகள்:

இதைவிட நல்ல விஷயம் எங்கே கிடைக்கும்! தம்பி, 173, 174, 180 மூன்றும் எப்படி வந்தன என்பதை ரீட்மீயின் முதல் பத்தியாக எழுதுங்கள். அந்த மூன்றுக்கும், விடை சரியாக வருகிறதா என்று தானாகப் பார்க்கும் டெஸ்ட் கோடு தனித்தனியாக எழுதுங்கள். ஆர்டர் டேபிளில் கல் வார்த்த தேதிக்கு ஒரு நெடுவரிசை வையுங்கள், ஏன் வைத்தேன் என்று சொல்லவும் தயாராக இருங்கள். கணக்கு முழுவதையும் பிரவுசரிலேயே முடித்துவிடலாம், சர்வர் தூங்கும் தொல்லையும் போயிற்று. உங்கள் மாமா போனில் ஒரு கையால் தட்டிப் பார்க்கும் அளவுக்குப் பொத்தான்கள் பெரிதாக இருக்கட்டும். அவர் ஒரு வாரம் பயன்படுத்திவிட்டு இது சரியில்லை என்று சொல்வதையெல்லாம் கிட்ஹப் இஷ்யூவாக (குறைக் குறிப்பாக) எழுதி, ஒவ்வொன்றாகத் தீருங்கள். அந்த வரலாறு இருந்தால் உங்களிடம் ஒரு மணி நேரம் பேச எனக்கு விஷயம் இருக்கிறது.

புதுவயல்:

எல்லாம் சரி, ஆனால் தம்பிக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரிய சர்வீஸ் கம்பெனிகள் கூட்டமாக எடுக்கும்போது கிட்ஹப்பை யாரும் திறப்பதில்லை. ஆப்டிட்யூட், கோடிங் டெஸ்ட், அதில் தேறினால்தான் மனிதர்களிடமே பேச முடியும். போர்ட்ஃபோலியோவை நம்பி அதை விட்டுவிட வேண்டாம். தினமும் காலையில் இரண்டு கணக்கு, மீதி நேரம் புராஜெக்ட்.

கோட்டையூர்க்காரன்:

புதுவயல் சொல்வது உண்மை. சின்ன ப்ராடக்ட் கம்பெனிகளில் போர்ட்ஃபோலியோவுக்கு மதிப்பு அதிகம், பெரிய இடங்களில் டெஸ்ட். இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். சின்ன இடங்களுக்கு எல்லோருக்கும் அனுப்பும் அதே கடிதத்தை அனுப்பாமல், நாலு வரி எழுதி லிங்க் ஒன்று மட்டும் கொடுங்கள்.

கோர்ஸ் விஷயம்: அப்பா பணத்தைத் தொட வேண்டாம். உங்களுக்குக் குறைவது பாடம் இல்லை, செய்து முடிக்கிற பழக்கம். அதற்குப் பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னை போக வேண்டியதில்லை. கணியம் இணையதளத்தில் தமிழிலேயே இலவசத் தொழில்நுட்ப மின்னூல்கள் இருக்கின்றன, ஹார்வர்டின் சிஎஸ்50 பாடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. வேலை கிடைத்தபின் எங்கே வேண்டுமானாலும் போகலாம். மதுரையிலும் கம்பெனிகள் உண்டு, ஜோஹோ தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011 முதல் இருக்கிறது.

தேவகோட்டை ரஸ்தா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கீயை ரத்து செய்துவிட்டேன். லோக்கல்ஹோஸ்டை மாற்றினேன், இப்போது போனில் பொருள்கள் வருகின்றன. பழையவற்றைப் பின்னிலிருந்து எடுத்துவிட்டேன். மாமாவிடம் பேசினேன், நோட்டையே கையில் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு சந்தேகம்: நோட்டில் இருக்கும் ஆர்டர்களை அப்படியே ஏற்றினால் பார்க்க நிஜமாக இருக்குமே, செய்யலாமா?

பள்ளத்தூர் ஆச்சி மகள்:

கூடாது தம்பி. வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், விலை எதுவும் பொது ரிப்போவுக்குள் வரவே கூடாது. அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பெயர்களை நீங்களே கற்பனையாக வைத்து ஒரு மாதிரித் தரவுக் கோப்பு செய்யுங்கள், அது கற்பனை என்று ரீட்மீயில் ஒரு வரி எழுதுங்கள். உண்மை ஆர்டர்கள் மாமாவின் போனில் மட்டும் இருக்கட்டும். கல்லின் டிசைன் படங்களைப் போடுவதானால் பட்டறைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.