கண்மாய் பெருகிருச்சு: விராலுக்கு ரீலும் தவளை லூரும் தயார் பண்ணுவது எப்படி?

திருமங்கலத்தான்:
வணக்கம் அண்ணன்மாரே. இந்த மழைக்கு எங்க பக்கத்துக் கண்மாய் மறுகால் போயிருச்சு. கலங்கல் தெளிஞ்சதும் தை மாசம் விராலுக்கு இறங்கலாம்னு இருக்கேன். கையில ஆறரை அடி மீடியம் ஹெவி ராடு (கொஞ்சம் விறைப்பான தூண்டில் கம்பு), 3000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், 30 பவுண்டு தாங்குற பிரைடு (பின்னல் தூண்டில் நரம்பு) இருக்கு. கோடையில இருந்து எல்லாம் பரண்லதான். பிரைடு வெளுத்துப் போச்சு. காத்தடைச்ச ரப்பர் தவளை லூர் (மீனை ஏமாத்துற பொய் இரை) நாலு இருக்கு, கால் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு.

முக்கியமான சந்தேகம் இதுதான்: விரால் தவளையை நல்லா அடிக்குது, தூண்டில் முள் மட்டும் அது வாயில ஏற மாட்டேங்குது. ராடை மாத்தணுமா, முள்ளை மாத்தணுமா?

மேலூர் மடை:
தம்பி, ராடு சரியான ராடுதான், மாத்த வேண்டாம். தவளையைப் பத்தி வேற யாராவது விவரமாச் சொல்வாங்க, நான் நரம்பையும் ரீலையும் சொல்றேன்.

பிரைடு வெளுத்தா கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. சாயம்தான் முதல்ல போகும், பலம் அப்படியே இருக்கும். பார்க்க வேண்டியது பிசிறு. நுனியில இருந்து முப்பது மீட்டர் வரைக்கும் கொஞ்சம் பஞ்சுக்குள்ள வச்சு மெதுவா இழுங்க. பஞ்சு எங்க ஒட்டுதோ அங்க இழை அறுந்திருக்கு. நம்ம கண்மாய்க்குள்ள கருவேல மரம் தண்ணியிலேயே நிக்கும். அந்த முள்ளும் பட்டையும் உரசி நுனிப் பக்கம்தான் தேயும். தேய்ஞ்சது சில மீட்டர்னா வெட்டி எறிஞ்சுட்டு முடிச்சை புதுசாப் போடுங்க. இருபது மீட்டருக்கு மேலன்னா முழு நரம்பையும் திருப்பிச் சுத்துங்க. அடியில கிடந்த பாகம் வெயிலும் முள்ளும் படாம புதுசு மாதிரியே இருக்கும். திருப்புறதுக்கு ரெண்டு காலி ஸ்பூல் (நரம்பைச் சுத்தி வைக்கிற கட்டை) வேணும். முதல் ஸ்பூலுக்கு மாத்தி, அதுல இருந்து ரெண்டாவதுக்கு மாத்தி, அப்புறம் ரீலுக்கு ஏத்துங்க. ஒரே ஸ்பூலுக்கு மாத்தித் திரும்ப ஏத்தினா பழைய நுனியே மேல வந்து நிக்கும்.

ரீல்ல ஏத்தும்போது அடியில பத்துப் பதினஞ்சு சுத்து நைலான் நரம்பு கட்டாயம். பிரைடை நேரா ஸ்பூல்ல கட்டினா, மீன் இழுக்கும்போது மொத்தச் சுத்தும் ஸ்பூல் மேல வழுக்கும். டிராக் (மீன் பலமா இழுத்தா நரம்பை விட்டுக் கொடுக்கிற பிடி) போச்சுன்னு ரீலைப் பிரிச்சுப் பார்ப்பீங்க, ரீல்ல ஒரு குறையும் இருக்காது. ஈரத்துணிக்குள்ள பிடிச்சு இறுக்கமா ஏத்துங்க. தளர்வா ஏத்தினா பெரிய மீன் இழுக்கும்போது மேல் நரம்பு அடிச் சுத்துக்குள்ள புதைஞ்சு, அடுத்த வீச்சுல படக்குன்னு நிக்கும். விளிம்புக்கு 2 மி.மீ. கீழ நிறுத்திக்கங்க. தளும்ப நிறைச்சா காத்துல கொத்தாக் கழண்டு சிக்கு விழும்.

ரீலுக்குள்ள தேங்காய் எண்ணெய் விடாதீங்க. மார்கழிக் குளிர்ல உறையும், அப்புறம் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு நரம்பு ஓடுற உருளைக்கு, ஒரு சொட்டு கைப்பிடிக் குமிழுக்குப் போதும். பல்சக்கரத்துக்குக் கிரீஸ் மட்டும். ராடு வளையங்களுக்குள்ள காது குடையும் பஞ்சுக்குச்சியைச் சுத்திப் பாருங்க. எங்கயாவது பஞ்சு சிக்கினா அங்க கீறல் இருக்கு, நரம்பை அதுவே அறுத்துரும்.

வைகைக்கரை:
அடி விழுந்தும் முள் ஏறலைன்னா பத்துல எட்டு தடவை காரணம் தவளையோட உடம்பு விறைப்பா இருக்கிறதுதான். இந்தத் தவளையில ரெட்டை முள் உடம்போட ஒட்டிப் படுத்திருக்கும், அதனாலதான் ஆகாயத்தாமரையில சிக்காம வருது. விரால் கடிச்சு அமுக்கினால்தான் உடம்பு சப்பி முள் வெளிய வரும். பரண் சூட்டுல கிடந்த ரப்பர் இறுகியிருக்கும். கட்டைவிரலால முதுகை அமுக்கிப் பாருங்க. லேசா அமுக்கினதுமே ரெண்டு முனையும் வெளிய தெரியணும். பலமா அமுக்க வேண்டியிருந்தா, கை பொறுக்கிற சூட்டு வெந்நீர்ல ரெண்டு நிமிஷம் போட்டு நல்லாப் பிசைஞ்சு விடுங்க. கொதிக்கிற தண்ணி வேண்டாம், உருவம் கோணிரும்.

அடுத்தது முள்முனை. நகத்து மேல முனையை வச்சு லேசா இழுங்க. வழுக்கினா மொட்டை, குத்தி நின்னா கூர். சின்ன அரத்தால முனையை நோக்கி மட்டும், பக்கத்துக்கு மூணு நாலு இழுப்புப் போதும். துரு வெறும் மேல்பூச்சா இருந்தா தேய்ச்சு எடுக்கலாம். குழி விழுந்திருந்தா அந்த லூரையே ஒதுக்கிருங்க, விரால் தலையை உதறும்போது அங்கதான் ஒடியும். குறடால ரெண்டு முனையையும் வெளிப்பக்கமா 2 மி.மீ. மட்டும் விரிச்சு விட்டா பிடிப்பு நல்லாக் கூடும். அதுக்கு மேல போனா ஒவ்வொரு வீச்சுக்கும் பாசியைத்தான் அள்ளிக்கிட்டு வரும்.

ஓட்டை இருக்கான்னு பார்க்க, வாளித் தண்ணிக்குள்ள முக்கி அமுக்குங்க. மூக்குத் துவாரத்துலயும் வால் பக்கத்துலயும் குமிழி வர்றது இயல்பு. வயித்துல, முதுகுல வந்தா கருவேல முள்ளோ விரால் பல்லோ குத்தியிருக்கு. நல்லாக் காயவச்சு, காய்ஞ்ச பிறகும் வளைஞ்சு கொடுக்கிற ரப்பர் பசையால அடைங்க. உடனே ஒட்டுற பசை கண்ணாடி மாதிரி இறுகி, அடுத்த கடியிலயே வெடிச்சுரும்.

ஒட்டிப் போன காலைப் பிரிக்க முடியாது தம்பி, வெட்டிருங்க. மெல்லிய கம்பியை வளைச்சு உள்ள விட்டு, புது ரப்பர் இழையைக் கொத்தா இழுத்து மாட்டலாம். நீளம் ரெண்டு அங்குலத்துக்கு மேல வேண்டாம். நீளமா இருந்தா விரால் காலை மட்டும் கவ்விட்டு விட்டுரும். ஒரு பக்கத்தை அரை அங்குலம் கூடுதலா விட்டா நேராப் போகாம இடம் வலமா ஆடிக்கிட்டு வரும்.

தூரம் போகலைன்னா பின்பக்கத்துக்குள்ள சின்ன ஈயக்குண்டு ரெண்டு போடுங்க, மொத்தம் 2 கிராம் போதும். வால் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்து மிதக்கணும். போட்டதும் வாளியில விட்டுப் பாருங்க, முழுசா அமுங்கினா ஒண்ணை எடுத்துருங்க.

கண்மாய்க்கரை:
மேல சொன்னது அத்தனையும் சரி. ஈயம் போடுறது மட்டும் எனக்கு ஒப்பல. கொடி அடர்ந்த இடத்துல வால் தாழ்ந்த தவளை இலை மேல ஏறி வராம விளிம்புல மாட்டும். வெட்டவெளித் தண்ணிக்கு மட்டும் போடுங்க.

பிரைடை நேரா லூர்ல பாலோமர் முடிச்சா (நரம்பை ரெட்டையா மடிச்சுப் போடுற முடிச்சு) கட்டுங்க, இறுக்கும் முன்னாடி எச்சில் தொட்டு நனைச்சுக்கங்க. விராலுக்குக் கம்பி லீடர் (நரம்புக்கும் லூருக்கும் நடுவுல கட்டுற துண்டு) தேவையில்ல. தண்ணி ரொம்பத் தெளிவா இருந்தா அரை மீட்டர் 40 பவுண்டு நைலான் சேருங்க, போதும். லூரை மாட்டக் கனமான இணைப்புக் கொக்கி போட்டா தவளை மூக்கு கவிழும்.

டிராக்கைக் கொக்கித் தராசுல மாட்டி இழுத்துப் பாருங்க. வெட்டவெளிக்கு மூணரை கிலோவுல நழுவணும். தாமரைக்குள்ள வீசினா இன்னும் இறுக்குங்க, இல்லைன்னா மீன் தண்டுல சுத்தி நின்னுக்கும்.

தண்ணி சிதறினதும் உடனே வெட்டுறதும் (முள் இறங்க ராடைச் சுண்டி இழுக்கிறது) முள் ஏறாததுக்கு ஒரு காரணம். ராடு முனையைத் தாழ்த்தி, தளர்ந்த நரம்பைச் சுத்தி எடுத்து, ஒண்ணு ரெண்டு எண்ணி, அப்புறம் ஓங்கி வெட்டுங்க. விரால் வாய் எலும்பு, அரைமனசா இழுத்தா இறங்காது. மூச்செடுக்க மேல வந்து வளையம் போட்ட இடத்துல நேராத் தலையில வீசாதீங்க. ரெண்டு மீட்டர் தாண்டி விழவச்சு அந்த வழியா இழுங்க. தை மாசம் பனி இறங்குற விடியக்காலையில மந்தமாத்தான் இருக்கும். எட்டு மணிக்கு வெயில் ஏறினதும் சுறுசுறுப்பாகும்.

செவப்பாக் குஞ்சுக் கூட்டம் கொதிக்கிற இடத்துல மட்டும் வீசவே வேண்டாம். அடியில தாய் தகப்பன் காவல் நிக்கும், அதைத் தூக்கினா குஞ்சு மொத்தத்தையும் மத்த மீன் தின்னுரும். கண்மாய் மீன்பாசி குத்தகைக்குப் போயிருந்தா குத்தகைதாரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க. வெட்டின பிரைடுத் துண்டைக் கரையில போடாதீங்க, வீட்டுக்குக் கொண்டு வந்துருங்க. சாமநத்தம் மாதிரி நீர்ப்பறவை நிறைய இறங்குற கண்மாயில அது கால்ல சுத்தினா பறவை பிழைக்காது.

திருமங்கலத்தான்:
நன்றிண்ணே. நேத்து அமுக்கிப் பார்த்தேன், நாலுல மூணு கட்டையாத்தான் இருக்கு, வெந்நீர் வைத்தியம் பார்த்துடறேன். இன்னும் ஒண்ணு: ரெட்டை முள்ளுக்குப் பதிலா மூணு முள் போட்டா பிடிப்பு கூடுமா?

வைகைக்கரை:
வேண்டாம் தம்பி. மூணாவது முனை வயித்துக்குக் கீழ தொங்கும், முதல் வீச்சிலேயே கொடியைப் பிடிக்கும். ரெட்டை முள்ளே போதும். வேலை முடிஞ்சதும் தவளைகளைக் காயவச்சு, முகப்பவுடர் லேசாத் தூவி, ஒவ்வொண்ணையும் லூர் பெட்டிக்குள்ள தனித்தனித் தடுப்புல வைங்க. கடின பிளாஸ்டிக் லூரோட சேர்த்துப் போட்டா ரெண்டும் உருகி ஒட்டும். வெயில்ல நிக்கிற பைக் பெட்டிக்குள்ளயும் வைக்காதீங்க.