பாம்பன் வீட்டுக் குழு: தடைக்காலத்தில் ஐஸ் ஹாக்கி

ஜெனோ (எட்மண்டன்), காலை 6:05
பெரியப்பா, எழுந்துவிட்டீர்களா? இங்கே சாயங்காலம் ஏழு மணிக்கு ஆட்டம். அங்கே காலை ஆறரை. அதற்குள் எங்கள் எட்மண்டன் ஆயிலர்ஸ் அணியின் மெக்டேவிட் வீடியோ ஒன்று அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

பெரியப்பா
பார்த்துவிட்டேன் தம்பி. படகு ஏப்ரல் 15 முதல் கட்டித்தான் கிடக்கிறது. இந்த 61 நாளும் எனக்கு உன் ஊர் ஆட்டம்தான். பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிக் கட்ட ஆட்டங்கள், நம் மீன்பிடித் தடைக்காலத்தில் வருவது எனக்கு எவ்வளவு சௌகரியம் தெரியுமா?

ரீகன்
2024 பிளேஆஃப் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தைத்தான் பார்க்க முடியாமல் போனது. தடை முடிந்து நாங்கள் கடலில் இருந்தோம். கரைக்கு வந்த பிறகுதான் ஃபுளோரிடா ஜெயித்தது தெரிந்தது.

ஜெனோ
அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது ரீகன். மூன்று ஆட்டம் தோற்று, மூன்றைத் திருப்பி எடுத்து, கடைசியில் விட்டோம். தோற்ற அணியில் இருந்தும் பிளேஆஃபின் சிறந்த வீரர் விருது மெக்டேவிட்டுக்குத்தான் வந்தது. 42 புள்ளி, அதில் 34 அசிஸ்ட், அதாவது அடுத்தவர் கோலுக்கு வழிசெய்த பாஸ்.

அத்தை (தங்கச்சிமடம்)
ஒன்று கேட்கிறேன். பந்து ஏன் தட்டையாக இருக்கிறது?

அமலி
அது பந்து இல்லை அத்தை, பக். ரப்பர் வட்டு. மூன்று அங்குல அகலம், ஒரு அங்குல கனம். துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன்னால் உறைய வைப்பார்கள்.

ஜெனோ
வீடியோவில் அவன் கால்களைப் பாருங்கள். மற்றவர்கள் நாலு எட்டு வைத்துவிட்டு அப்படியே வழுக்கிக்கொண்டு போவார்கள். இவன் வளைவிலும் காலை மாற்றி மாற்றிக் குறுக்கே வைத்துக்கொண்டே இருக்கிறான். அதனால் திரும்பும்போதும் வேகம் குறையாமல் கூடுகிறது. அந்த வேகத்திலும் பக் ஸ்டிக்கை விட்டு நகர்வதில்லை.

ரீகன்
வேகம் சரி. கோல் யார் போடுவது? எனக்கு வாஷிங்டன் அணியின் ஒவெச்கின்தான். 2025 ஏப்ரல் 6இல் 895ஆவது கோல் போட்டு, பழைய சாதனைக்காரர் கிரெட்ஸ்கியின் 894ஐத் தாண்டினான். அந்த கோலும் அவனுடைய வழக்கமான இடத்திலிருந்துதான், கோலுக்கு முன்னால் பனியில் வரைந்திருக்கும் இடது வட்டத்துப் பக்கம்.

அமலி
எங்கே நிற்பான் என்று எல்லாருக்கும் தெரியும். அப்புறம் ஏன் தடுக்க முடியவில்லை?

ரீகன்
எதிரணியில் ஒருவர் பெனால்டியில் வெளியே உட்கார்ந்திருக்கும்போது தடுக்க கீப்பரைத் தவிர நாலு பேர்தான் அக்கா. ஒருவன் ஒவெச்கினை ஒட்டி நின்றால், மிச்சம் மூன்று பேர் நாலு பேரைப் பார்க்க வேண்டும். அவன் வலது கைக்காரன். இடது பக்கம் நின்றால் வலப்பக்கமிருந்து வரும் பாஸ் நேராக ஸ்டிக்கின் முகத்துக்கு வரும். நிறுத்தவே மாட்டான், வந்த வேகத்தில் அடி. கீப்பர் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்கு நகர்வதற்குள் வலை குலுங்கிவிடும்.

அமலி
கீப்பர் என்று சொன்னதால் கேள். பள்ளியில் மூன்று வருடம் கோலில் நின்றவள் நான். எனக்கு செக் நாட்டு கீப்பர் டொமினிக் ஹாசெக்தான். இன்னொரு கீப்பர் பாட்ரிக் ருவா முட்டியை ஊன்றி, இரண்டு காலையும் பக்கவாட்டில் விரித்துக் கீழ்ப்பக்கத்தை அடைப்பார். அது கற்றுக்கொடுக்கக்கூடிய முறை. ஹாசெக்கிடம் அப்படி ஒரு முறையே தெரியாது. உருளுவார், மல்லாந்து விழுவார், ஸ்டிக்கைப் போட்டுவிட்டு வெறுங்கையால் பக்கை அமுக்குவார். ஆறு அடி அகலம், நாலு அடி உயரம் உள்ள கோலில் எப்படியாவது ஒரு உறுப்பு குறுக்கே வந்துவிடும். 1998 நகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் ஆட்டம் சமனாகி, கோல் அடிக்கும் வாய்ப்புக்குக் கனடாவின் ஐந்து பேர் ஒவ்வொருவராகத் தனியாக வந்தார்கள். ஒருவராலும் கோல் போட முடியவில்லை. செக் நாட்டுக்குத்தான் தங்கம்.

ஜெனோ
அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும் அக்கா.

பெரியப்பா
எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். நான் கோவில்பட்டியில் படித்தபோது மைதான ஹாக்கியில் ஃபுல் பேக்காக, அதாவது பின்னால் நின்று தடுப்பவனாக, ஆடியவன். ஜெனோ பழைய ஆட்டங்களை அனுப்பிய நாளிலிருந்து என் கண் ஒரே ஆளிடம்தான் நிற்கிறது. டெட்ராய்ட் அணியின் டிஃபெண்டர் லிட்ஸ்ட்ரோம்.

ரீகன்
அப்பா, அவர் யாரையும் இடித்துக்கூடத் தள்ள மாட்டாரே.

பெரியப்பா
அதுதானே விஷயம். பாம்பன் கால்வாயில் மீனைத் துரத்தினால் டீசல்தான் எரியும். நீவாடு, அதாவது நீரோட்டம், பார்த்து வலை விட்டால் மீன் தானாக வரும். லிட்ஸ்ட்ரோம் முன்னால் வருகிறவனைப் பார்த்தபடியே பின்னால் சறுக்குவார். இடைவெளி கூடாது, குறையாது. ஸ்டிக்கின் நுனி எப்போதும் பனியில் இருக்கும், பாஸ் போகக்கூடிய வழியில். வருகிறவனுக்கு ஓரம் மட்டும்தான் மிச்சம். ஓரத்துக்குப் போனதும் மெதுவாக ஒரு தட்டு, பக் இவரிடம். நாங்களும் மைதானத்தில் அதையேதான் செய்வோம். ஆனால் எங்களுக்குக் காலின் கீழே மண் இருந்தது.

ஜெனோ
1991இலிருந்து 2012 வரை ஒரே அணி, 1564 ஆட்டம். மொத்தப் பெனால்டி 514 நிமிடம்தான். ஒரு ஆட்டத்துக்கு இருபது விநாடி கணக்கு வருகிறது. சிறந்த டிஃபெண்டருக்கான நாரிஸ் விருது ஏழு முறை.

பெரியப்பா
இருபது விநாடியா? இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. சந்தோஷமாக இருக்கிறது தம்பி.

ஜெனோ
ஆனால் இப்போதைய டிஃபெண்டர்கள் வேறு மாதிரி பெரியப்பா. கொலராடோவின் மக்கார் தானே பக்கை எடுத்துக்கொண்டு எதிர்கோல் வரைக்கும் போகிறான். 2022இல் நாரிஸ், பிளேஆஃப் விருது இரண்டும் அவனுக்கு. மெக்டேவிட் நேராக வந்தால் லிட்ஸ்ட்ரோம் என்ன செய்வார், சொல்லுங்கள்.

பெரியப்பா
அதைத்தான் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். மற்றவர்கள் வேகமாக வருவார்கள். இவன் வந்துகொண்டிருக்கும்போதே வேகத்தை மாற்றுகிறான். பின்னால் சறுக்குகிறவன் திரும்பத் தொடங்கினாலே முடிந்தது. லிட்ஸ்ட்ரோம் திரும்பியிருக்க மாட்டார். நடுக்கோட்டுக்கு முன்னாலேயே அவனை ஓரத்துக்குத் தள்ளியிருப்பார். பத்து முறை வந்தால் ஏழு முறை தடுப்பார். மிச்சம் மூன்று மெக்டேவிட்டுக்குத்தான். அதை நான் மறுக்க மாட்டேன்.

அமலி
அந்த மூன்றுக்கு ஹாசெக் இருக்கிறார்.

அத்தை
ஆட்டம் தொடங்கிவிட்டது. எதிரணிக்காரன் ஒருவனை எண்ணெய்ச் சட்டைக்காரன், அதுதான் ஜெனோவின் ஆயிலர்ஸ் ஆள், இடித்துத் தள்ளிவிட்டான்.

ஜெனோ
அத்தை, நீங்களும் பார்க்கிறீர்களா!

பெரியப்பா
ஜெனோ, ஒரு வேலை. சனிக்கிழமை உன் தெருப் பிள்ளைகள் ஆடுவார்கள் என்றாயே, அதைப் படம் பிடித்து அனுப்பு. பக்கின் பின்னால் கேமராவைக் கொண்டுபோகாதே. பின்னால் சறுக்குகிற பிள்ளை ஒன்றை மட்டும் முழு ஆட்டமும் பிடி. காலை எப்படி வைக்கிறது, ஸ்டிக் எங்கே இருக்கிறது, அது தெரிந்தால் போதும்.

ஜெனோ
சரி பெரியப்பா. பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை டிஃபென்ஸ்தான் ஆடுகிறாள். அவள் வீட்டில் கேட்டுவிட்டு எடுத்து அனுப்புகிறேன்.