‘பர்ஜ்’ என்பதற்குத் தமிழ் வேண்டும், வியாழனுக்குள்

அன்புள்ள குழுவினருக்கு,

சனிக்கிழமை லினக்ஸ் வகுப்பு. கையேடு வியாழன் அச்சுக்குப் போக வேண்டும். ஒரு பொதியை, அதாவது நிறுவிய மென்பொருளை, அகற்றும் ‘ரிமூவ்’ கட்டளைக்கு ‘நீக்கு’ என்று எழுதிவிட்டேன், அதன் அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து அழிக்கும் ‘பர்ஜ்’தான் இடிக்கிறது. போன வகுப்பில் ஒரு மாணவி அப்பாச்சி என்ற வலைச் சேவையக மென்பொருளின் அமைப்புக் கோப்பைத் தவறாகத் திருத்திவிட்டு, பொதியை நீக்கி மறுபடி நிறுவினாள். அதே பிழை வந்தது. பொதியை நீக்கினாலும் எட்ஸி அடைவில் அமைப்புக் கோப்புகள் அப்படியே இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ‘முற்றிலும் நீக்கு’ சரியா?

———

> முற்றிலும் நீக்கு

வேண்டாம் தம்பி. பர்ஜ் செய்தாலும் பயனரின் வீட்டு அடைவில் உள்ளவற்றை அது தொடாது. அப்புறம் ‘முற்றிலும்’ எப்படிப் பொருந்தும்? ‘களை’ என்ற நல்ல வினை இருக்கிறது. 1038ஆம் குறளில் ‘கட்டபின்’ என்றால் களை பறித்த பின். பகுதி ‘கள்’. கேள், கேட்ட என்பது போல் கள், கட்ட. கல்யாண வீடு களைகட்டியது என்கிறோமே, அந்தக் களை முகக்களை. அதையும் இதையும் குழப்பக்கூடாது. உழவர் சொல்லைக் கணினிக்குக் கொண்டுவர இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

———

> களை

ஐயா, வெறும் ‘களை’ என்றால் மாணவர்கள் புல் பூண்டைத்தான் நினைப்பார்கள். பொதிகளைக் கவனிக்கும் டிபிகேஜி கருவியின் பட்டியலில் இப்படி மீந்த பொதிக்கு முன்னால் ‘ஆர்சி’ என்று நிற்கும்: பொதி போயிற்று, அமைப்புக் கோப்பு எஞ்சியிருக்கிறது. எஞ்சி நிற்பதற்கு இலக்கணம் தந்த பெயர் எச்சம். ‘எச்சமற நீக்கு’ என்போம்.

———

அக்கா, எட்டாம் வகுப்பில் ‘எச்சம்’ என்று சொல்லிப் பாருங்கள், காக்கையைத் தாண்டி வரமாட்டார்கள். பிள்ளைகள் விசைப்பலகையில் தட்டப்போவது ‘பர்ஜ்’ என்ற கட்டளையைத்தான். அதையே தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும்.

———

எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் ‘அமைப்போடு நீக்கு’ என்பதற்குத்தான் ஆதரவு கூடுதல். எது போகிறது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. பக்கத்தில் ‘பர்ஜ்’ என்றும் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

———

> அமைப்போடு நீக்கு

அனுப்பியது அனுப்பியதுதான் தம்பி. ஆனால் ‘அமைப்பு’ என்றால் சங்கம், இயக்கம் என்றும் பொருள். அடுத்த பதிப்பின் சொல்லடைவில் ‘களை’யையும் ஒரு வரி சேருங்கள். நான் அதை விடுவதாக இல்லை.